அதிகாரமும் உண்மையும்: ரிப்பீட் எழுதிய பேப்பரின் கதை

இரண்டாம் வருடத்தில் அரசியல் சமூகவியல் பேப்பரில் எனக்கு வந்தது சி மைனஸ். கேள்வி ஒன்றும் புதிதில்லை: 'ஒரு சமூகம் எதை உண்மையென ஏற்கிறது என்பதை அதிகாரம் எவ்வாறு தீர்மானிக்கிறது? உதாரணங்களுடன் ஆராய்க.' டியூட்டில், அதாவது வகுப்பில் தந்த குறிப்பில், இருந்ததை அப்படியே கக்கி வைத்திருந்தேன். மார்க்ஸ் அரைப் பக்கம், இத்தாலிய மார்க்சியர் கிராம்சி அரைப் பக்கம், பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ ஒரு பக்கம், கடைசியில் கலிலியோ. மண்டபத்தை விட்டு வரும்போது ஏ நிச்சயம் என்று வேறு நினைத்தேன்.

ரிப்பீட்டுக்கு, அதாவது அதே பேப்பரைத் திரும்ப எழுத, படித்தபோதுதான் பிழை பிடிபட்டது. நான் எழுதியது முழுக்க, 'மேலே இருப்பவர்கள் பொய் சொல்கிறார்கள், கீழே இருப்பவர்கள் நம்புகிறார்கள்' என்ற ஒரே வசனத்தை இழுத்தது. பொய் சொல்வது ஒன்று. யார் சொன்னால் செல்லும், எதைக் காட்டினால் நிரூபணம், எந்தப் பேச்சு கணக்கிலேயே வராது என்று வரையறுப்பது இன்னொன்று. ஃபூக்கோ 'உண்மையின் ஆட்சி' என்றது இந்த இரண்டாவதை. இது விளங்காமல் அவர் பெயரைப் பத்துத் தடவை எழுதினாலும் புள்ளி விழாது.

எனக்கு இதை விளங்க வைத்தவர் அம்மம்மா. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தன் தகப்பன் சேனை (காடு வெட்டிச் செய்யும் பயிர்) செய்த காணிக்கு அவர் வாயாலேயே எல்லை போடுவார்: இந்தப் பக்கம் வாய்க்கால், அங்கால் இரண்டு நாவல் மரம், அதற்கப்பால் இன்னாருடைய சேனை. ஒருநாள் மாமா ஓர் அலுவலகத்தில் போய் இதையே சொன்னார். 'காணி உறுதிப் பத்திரம் இருக்கா? பேர்மிட் இருக்கா?' இரண்டும் இல்லை. அம்மம்மா பொய் சொல்கிறார் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அவர் சொன்னதை எழுதிக்கொள்ள அவர்களுடைய படிவத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் கேட்ட அந்தக் கேள்வியின் வேரைத் தோண்டிப் போனால், இலங்கையில் பிரிட்டிஷ் ஆட்சி போட்ட 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரும். காடு, தரிசு, ஆளில்லாத, பயிரிடப்படாத காணியெல்லாம், அப்படியல்ல என்று நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என ஊகிக்கப்படும் என்றது அது. பழைய கண்டி மாகாணங்களுக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் சேனைக் காணியையும் காடு அல்லது தரிசு என்றே கொள்ள வேண்டும். சேனை என்றால் ஓரிரு போகம் செய்துவிட்டுக் காடேற விடுவதுதானே முறை? ஓய்வெடுக்கும் நிலம் சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரன் இல்லாத நிலமாகிவிட்டது. கோப்பித் தோட்டங்களுக்குக் காணி தேடிய காலம் என்பதையும் எழுதுங்கள். ரிப்பீட் விடையில் 'ஊகிக்கப்படும்' என்ற சொல்லுக்கு நான் அடிக்கோடு போட்டேன். நிரூபிக்கும் சுமை குடியானவன் தலையில் ஏறியது அந்த ஒரு சொல்லால்.

அடுத்த உதாரணம் நம் மட்டக்களப்பு வாவி. 1848 செப்டம்பரில் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இங்கு வந்து, தண்ணீருக்கடியில் கேட்கும் இசையைப் பற்றி விசாரித்தார். மீனவர்கள் அது ஊரி (ஓட்டுக்குள் வாழும் நத்தை போன்ற உயிர்) என்றார்கள், எடுத்தும் காட்டினார்கள். எழுத்தில் ஏறியபோது அது டெனன்டின் குறிப்பாயிற்று. சொன்னவர்கள் வெறும் 'மீனவர்கள்'. ஆனால் இங்கே ஒரு முரண் உண்டு, அதை விடாதீர்கள். துரை எழுதியதையும் மீறி ஊருக்கு நிலைத்த பெயர் 'மீன்பாடும் தேன்நாடு'. உண்மையை மேலிருந்து ஒருவர் மட்டும் இறக்குவதில்லை, பாட்டும் பேச்சும் கூட அதைச் செய்கின்றன என்று வாதிட இது போதும். (ஊரியா மீனா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.)

மூன்றாவதாக எல்லையைத் தொட வேண்டும். அதிகாரம் நினைத்தால் எதையும் உண்மையாக்கலாமா? சோவியத் நாட்டில் 1948இல், மரபியலை மறுத்த வேளாண் விஞ்ஞானி லைசென்கோவின் கொள்கையே சரியான உயிரியல் என்று கட்சி முத்திரை குத்தியது, மரபியல் ஒதுக்கப்பட்டது. அவரை எதிர்த்த தாவரவியலாளர் வாவிலோவ் 1943இலேயே சிறையில் இறந்திருந்தார். ஆனாலும் பயிர் கட்சித் தீர்மானத்தைக் கேட்டு வளராதே! 1960களின் நடுவில் லைசென்கோவின் செல்வாக்குச் சரிந்தது. இந்தப் பகுதிக்கு ஐந்தாறு வரி போதும்.

கலிலியோவை எழுதக் கூடாது என்றில்லை. திருத்துபவர் அன்று அவரை நாற்பதாவது தடவையாகச் சந்திப்பார், அதுதான் பிரச்சினை. நேரக் கணக்கும் முக்கியம்: ஒரு கேள்விக்கு முக்கால் மணி என்றால் கோட்பாட்டுக்குப் பத்து நிமிடம், காணிக்கு இருபது. குப்பி (மாணவரே மாணவருக்கு நடத்தும் வகுப்பு) எடுக்கும்போது தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வதும் இதுதான், உங்கள் வீட்டு உறுதிப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள் என்று.

ரிப்பீட்டில் நன்றாகவே எழுதினேன். ஆனால் எங்கள் கம்பஸில் ரிப்பீட் என்றால் சிக்கு மேல் தரமாட்டார்கள், எவ்வளவு புள்ளி எடுத்தாலும் சி தான். சேர்டிபிகேட்டிலும் அப்படியே இருக்கிறது. அம்மம்மாவிடம் காட்டினேன்.

"நல்லா எழுதினெண்டாய், பிறகு ஏன் புள்ள சி?"

"ரிப்பீட்டுக்கு விதி அப்படி அம்மம்மா."

வெற்றிலை வட்டாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டே கேட்டார்: "ஆர் போட்ட விதி?"