சரியாக எழுதும்மா

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மேடம், உண்மையை எழுத வேண்டுமா, சரியான விடையை எழுத வேண்டுமா?"

நான் சொன்னது இரண்டே சொல். "சரியாக எழுதும்மா."

2021 மார்ச் முதல் வாரம். மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கொரோனா பற்றிய விழிப்புணர்வும் தடுப்புப் பழக்கங்களும் எப்படி இருக்கின்றன என்று எங்கள் துறையில் ஓர் ஆய்வு. அந்தக் காலத்தில் இப்படி ஓர் ஆய்வைச் செய்யாத சமூக மருத்துவத் துறை நாட்டில் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. கூகுள் படிவத்தின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் எல்லோரும் அனுப்பிவிட வேண்டும் என்று வகுப்பில் அறிவித்தேன். மேடையிலிருந்து இறங்கும்போது முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து கேட்டாள். அவள் குரலில் கேலி இல்லை என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முகக்கவசம் போட்ட முகத்தில் கேலி எங்கே தெரியும்? கண்ணை மட்டும் பார்த்தால் அந்த ஆண்டு எல்லா மாணவர்களும் பணிவாகத்தான் இருந்தார்கள்.

"சரியாக" என்பதை நான் எந்தப் பொருளில் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நம் வீடுகளில் ஒரு நாளைக்குப் பத்து முறை புழங்கும் சொல் அது. சரியாகச் சாப்பிடு, சரியாக உட்கார், சரியாகப் படி. அம்மா சொன்னால் ஒழுங்காக என்று பொருள். ஆசிரியர் சொன்னால் மதிப்பெண் வருகிற மாதிரி என்று பொருள். உள்ளதை உள்ளபடி எழுது என்று நான் சொல்ல நினைத்திருந்தால், அதற்கு நம் மொழியில் சொல்லுக்கா பஞ்சம்? மறுபுறம், பதினொன்றே முக்காலுக்கு, அடுத்த வகுப்புக்காரர் கதவருகே நின்றுகொண்டிருக்கும்போது, யார்தான் சொல்லைப் பொறுக்கி எடுத்துப் பேசுவார்கள்?

அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதற்கு மட்டும் எழுத்தில் சாட்சி இருக்கிறது. விடுதியில் முகக்கவசம் அணிகிறீர்களா: எப்போதும். உணவுக்கூடத்தில் இடைவெளி விட்டு அமர்கிறீர்களா: எப்போதும். அறிகுறி தோன்றினால் உடனே தெரிவிப்பீர்களா: ஆம். கடைசிக் கேள்வி வரை ஒரு பிசிறு கிடையாது. விடுதி அறையில் நான்கு கட்டில்கள். இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு பெட்டி வைக்கலாம், அவ்வளவுதான் இடம். அந்த அறையில் தூங்கும்போதும் முகக்கவசம் அணிகிறேன் என்று ஒரு பெண் எழுதிக் கொடுத்தால், படிக்கிற எனக்கு ஒரு நிமிடமாவது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. வகுப்பே ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தது. நல்ல விழிப்புணர்வு, நல்ல நடைமுறை என்று குறித்துக்கொண்டேன். அறிக்கையின் இறுதியில், மாணவர்கள் தாங்களே கூறிய விடைகள் என்பதால் முடிவுகளுக்கு வரம்பு உண்டு என்று ஒரு வரி சேர்த்தேன். சடங்குக்குத் தெளிக்கும் தண்ணீர் போல எல்லா அறிக்கைகளிலும் அந்த வரி இருக்கும்.

கேட்பவர் மெச்சும்படி விடை சொல்வது மனித இயல்பு, அதனால் பெயர் கேட்காதீர்கள், அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் நிரப்பச் சொல்லாதீர்கள் என்று அதே மாணவர்களுக்கு ஆய்வு முறை வகுப்பில் பாடம் நடத்துபவளும் நான்தான். என் படிவத்தில் முதல் கட்டமே ரோல் எண். மின்னஞ்சல் முகவரியும் தானாகப் பதிவாகும்படி வைத்திருந்தேன். ஒருவரே இரண்டு முறை அனுப்பிவிடக் கூடாது, அனுப்பாதவர்களுக்கு நினைவூட்ட வேண்டும் என்று அதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. அவை பொய்க் காரணங்களும் இல்லை. ஆனால் இன்டர்னல் மதிப்பெண் போடுகிற கையிலேயே ரோல் எண்ணையும் கொடுத்துவிட்டு எந்த மாணவி "ஒருபோதும் இல்லை" என்ற வட்டத்தைத் தொடுவாள்?

சரியான விடை என்று எதைச் சொல்கிறோம் என்பது தனிக் கதை. அந்த ஆய்வில், கொரோனா காற்றில் பரவும் என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. இருமல், தும்மலில் தெறிக்கும் துளிகள், தொட்ட பொருள்கள் ஆகியவை மட்டுமே எங்கள் விடைத்தாளில் சரி. இது காற்றில் பரவும் நோயன்று என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அடித்துச் சொல்லியிருந்தது. எங்கள் விடைத்தாள் அதையே பிடித்துக்கொண்டு நின்றது. 2021 ஏப்ரல் இறுதியில் அதே நிறுவனம் தன் விளக்கத்தை மாற்றி, மூச்சுக்காற்றின் நுண்துகள் வழியாகவும் பரவும் என்று எழுதியது. கோவிஷீல்டு தடுப்பூசியின் இரண்டு தவணைகளுக்கு இடையே எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு நான்கு முதல் ஆறு வாரம் என்பது எங்கள் விடை. மார்ச் 22 அன்று ஒன்றிய அரசு அதை ஆறு முதல் எட்டு வாரமாக்கியது, மே 13 அன்று 12 முதல் 16 வாரமாக்கியது. தவறான விடைக்காக நான் மதிப்பெண் குறைத்த சிலர் என்னைவிட முன்னால் போய் நின்றிருந்தார்கள். இதை எழுதும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. ஆறுதல் எதற்கு என்றுதான் விளங்கவில்லை. அவள் கேட்டது அறிவியல் மாறுவதைப் பற்றி அன்று.

ஏப்ரல் இரண்டாம் வாரம், தொற்று வந்தவரோடு பழகியவர்களின் பட்டியல் எடுக்கப் பெண்கள் விடுதிக்குப் போனேன். அந்த அறையிலேயே இன்னொரு மாணவிக்கு ஆர்.டி.பி.சி.ஆர் பாசிட்டிவ். ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரி வரை ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். அதில் துணி கிளிப்பு போட்டுக் காகித உறைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வோர் உறைமேலும் திங்கள், செவ்வாய், புதன் என்று பேனாவால் எழுதியிருந்தது. என்95 முகக்கவசத்தை ஐந்து நாள் சுழற்சியில் பயன்படுத்தும் முறை; வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்தது. சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளைகள் அப்படியே செய்திருக்கிறார்கள் என்று ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு விசாரித்தபோதுதான் வெளியே வந்தது. முதலில் காய்ச்சல் வந்தது என்னிடம் கேள்வி கேட்டவளுக்கு.

ஏப்ரல் 3, சனிக்கிழமை இரவு காய்ச்சல். ஞாயிறு மதியம் மெஸ்ஸில், சாம்பாரில் பெருங்காயம் போட மறந்துவிட்டார்கள் என்று அவள் குறைப்பட்டிருக்கிறாள். கூட இருந்த மூவரும் தட்டிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்திருக்கிறார்கள். நால்வரும் மருத்துவ மாணவிகள். பெருங்காய வாசனை தெரியாமல் போனால் என்ன பொருள் என்பது நால்வருக்கும் அந்த நொடியே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை எங்கள் துறையின் இன்டர்னல் தேர்வு. வராதவர்களுக்கு மறுதேர்வு கிடையாது என்று அறிவித்திருந்தவள் நான். அவள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்து எழுதினாள். வாசலில் வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டியவர் எங்கள் துறை ஊழியர். அது சாதாரண அளவைத்தான் காட்டியது.

"படிவத்தில், அறிகுறி வந்தால் உடனே சொல்வேன் என்றுதானே எழுதியிருந்தாய்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அடையாளம் வெளியிடப்படாது என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்த ஆய்வின் விடையை, அவளையே மடக்குவதற்கு எடுத்து வீசினேன்.

"அப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை மேடம்" என்றாள்.

திமிர் என்று அன்று மாலை துறையில் எல்லோரிடமும் சொன்னேன். அதைவிட நேர்மையான விடை என் ஆய்வில் எங்கும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. காய்ச்சல் இல்லாத நாளில் ஆம் என்று எழுதியவள் பொய் சொல்லவில்லை. நாளைக்குத் தேர்வு, அறையை மூடினால் மூன்று தோழிகளின் தேர்வும் போகும் என்ற நிலையில் ஆம் என்பதன் விலை வேறு. இந்தியாவில் முதலில் தொற்று உறுதியானவரும் ஒரு மருத்துவ மாணவிதான். வுஹானிலிருந்து கேரளத்துக்குத் திரும்பியவர், 2020 ஜனவரி 30. தொண்டை வலி வந்ததும் மருத்துவமனைக்கு வந்துவிட்டவர் என்று வகுப்பில் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அவருக்கு அந்த வாரம் இன்டர்னல் இருந்ததா என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அறைத் தோழிகளில் ஒருத்தி தேர்வு முடிந்த அன்று மாலையே, மறுநாள் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்க ஊருக்குப் பஸ் ஏறினாள். 10 ஆம் தேதி அவள் அப்பாவுக்குக் காய்ச்சல். படுக்கைக்கு அலைந்த அந்த மே மாதத்தில் மருத்துவமனையில் ஆக்சிஜன் மாட்டிக் கிடந்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். நோய்க்கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்து நாள். 5 ஆம் தேதி இரவு, 10 ஆம் தேதி காய்ச்சல். இந்தக் கழித்தலை எத்தனை முறை போட்டாலும் விடை ஐந்துதான் வருகிறது. ஆனால் அதே ஊரில் தேர்தல் பிரசாரக் கூட்டங்கள் நடந்தன, வாக்குச்சாவடியில் வரிசை நின்றது, அவர் கடை வைத்திருப்பவர். தொற்று எங்கிருந்து வந்தது என்று நிறுவ முடியாது. எந்தத் தேர்விலும் மாணவர்கள் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன்.

கேட்பதற்குப் பதில் பார்த்திருக்கலாமே என்று ஒரு சக ஊழியர் சொன்னார். நியாயம்தான். 1847 இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் மருத்துவ மாணவர்களிடம் கை கழுவுவீர்களா என்று படிவம் கொடுக்கவில்லை. குளோரின் கரைசலைக் கொண்டுவந்து வைத்து, கழுவிவிட்டு உள்ளே போ என்றார். நானும் ஜூலையில் வார்டு வாஷ்பேசின் பக்கத்தில் இரண்டு நாள் நோட்டுப் புத்தகத்தோடு நின்று பார்த்தேன். என்னைக் கண்டதும் மாணவர்கள் ஆறு படிகளையும் நாட்டிய அடவு பிடிப்பதுபோலச் செய்து காட்டினார்கள். முழங்கையால் திறக்க வேண்டிய குழாயின் நீண்ட கைப்பிடி உடைந்து, முளை மட்டும் மிஞ்சியிருந்தது. கழுவிய விரல்களால் அதையே திருகி மூடினார்கள். கழுவாதவர்களும் அதைத்தான் தொட்டிருந்தார்கள். அதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மார்ச் மாதம் முழுக்கத் துறை அறையில் நாங்கள் நான்கு ஆசிரியைகள் ஏசி போட்டு, ஜன்னலைச் சாத்தி, முகக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சேர்ந்துதான் மதியம் சாப்பிட்டோம். என் எலுமிச்சை சாதத்தில் பாதி பக்கத்து டப்பாவுக்குப் போகும், அங்கிருந்து வாழைக்காய் வறுவல் வரும். எங்களிடம் யாரும் படிவம் நீட்டவில்லை. நீட்டியிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். பயிற்சி மருத்துவராக இருந்தபோது வராந்தாவில் எதிரே வந்தால் வணக்கம் சொல்வாள், நானும் சொல்வேன். அன்று நான் சொன்னதை எப்படி எடுத்துக்கொண்டாய் என்று கேட்க ஒருமுறை நின்றேன். "சாப்பிட்டாயாம்மா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதம் எங்கள் முதுநிலை மாணவர் ஒருவர் இன்ஃபுளுயன்சா தடுப்பூசி பற்றி மாணவர்களிடம் ஆய்வு செய்யப் படிவம் தயாரித்துக் கொண்டுவந்தார். முதல் கட்டம் பெயர், இரண்டாவது ரோல் எண். சிவப்புப் பேனாவால் இரண்டையும் அடித்தேன்.

"யார் நிரப்பவில்லை என்று எப்படித் தெரியும் மேடம்? பாதிப் பேர் அனுப்பவே மாட்டார்கள்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. சற்று யோசித்துவிட்டு, ரோல் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.