லென்ஸில் ஒட்டிய தூசி

"பாக்குறீங்களாண்ணா?" என்று லேப் தம்பி மைக்ரோஸ்கோப்பை விட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

வட்டம் வட்டமாகச் சிவப்பணுக்கள், நடுவில் வெளுத்து, அமுக்கிவிட்ட உளுந்து வடை மாதிரி, ஓட்டை மட்டும் இல்லை. உட்கருவே கிடையாது; ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டுமென்று அதையே வெளியே தள்ளிவிட்டு, சுமார் 120 நாள் உடம்பைச் சுற்றிவிட்டுப் போய்ச் சேர்கிறது.

அங்கொன்று இங்கொன்றாக வெள்ளையணு. ஊதாச் சாயம் ஏறிய உட்கரு மூன்று நான்கு துண்டாக, நூலில் கோத்தது போல.

சரி, ரத்தம் உறைய உதவும் தட்டணு, அதாவது பிளேட்லெட், எங்கே?

"அந்தப் பொடிப்பொடியா இருக்கே, அதுதாண்ணா."

லென்ஸில் ஒட்டிய தூசி என்றல்லவா நினைத்தேன்! முழு செல்கூட இல்லை, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு பெரிய செல்லிலிருந்து உடைந்த துணுக்கு. மைக்ரோலிட்டருக்கு 1,50,000-ஆவது இருக்க வேண்டியது, டெங்கு வந்த பையனுக்கு இன்று 62,000.

மூன்று நாளாக வீடே இந்தத் தூசியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.