66 டிகிரி

யார்க்‌ஷயர் சந்தையில், முழுப் பன்றியை அடுப்பில் சுட்டு அரிந்து விற்கும் எங்கள் கடையில், அன்று நண்பகல் 12 மணிக்கு முதலாளி கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு "அரியத் தொடங்கலாமா?" என்று கேட்டதும், நான் "வேண்டாம்" என்று சொன்னதும் ஓராண்டாகியும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. பின்தொடை எலும்பருகே குத்திய தெர்மாமீட்டர் 66 டிகிரி காட்டியது; பரிமாறும் முன் எட்ட வேண்டும் என்று எங்கள் பதிவேட்டுத் தாளில் இருந்த எண் 75. முதுகு இறைச்சியோ எப்போதோ 80-ஐத் தாண்டியிருந்தது. தோல் பொன்னிறமாகப் பொரிந்திருந்தது. வரிசையில் முப்பது பேராவது நின்றார்கள்.

காரணம் காற்றுதான் என்று இன்றும் சொல்வேன். 55 கிலோ பன்றிக்காக விடியற்காலை 5 மணிக்கே அடுப்பைப் பற்றவைத்திருந்தோம். காற்றில்லாத நாளில் அந்த நேரம் தாராளம். 9 மணிக்குமேல் வீசத் தொடங்கிய மேல்காற்று, தொடை கிடந்த பக்கத்தின் சூட்டை வாரிக்கொண்டு போனது. கூடாரத்தின் நான்காவது திரையையும் இறக்கிவிடலாம் என்று உதவிக்கு வந்த பையன் சொன்னபோது, கேஸ் எரியும் இடத்தை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும் என்று மறுத்தேன். அந்த மறுப்பில் எனக்கு ஐயமே இல்லை.

ஐயமெல்லாம் அடுத்த பேச்சில்தான். "முதுகை மட்டும் அரிந்து கொடுப்போம், தொடை அதுபாட்டுக்கு வேகட்டும்" என்றார் முதலாளி. அரிவதற்கு மூடியைத் திறந்துவைக்க வேண்டும், அந்தக் காற்றில் திறந்த அடுப்பில் தொடை மேலே ஏறவே ஏறாது என்றேன். சொன்னது உண்மை. ஆனால் அந்தக் காரணம் முதலில் தோன்றி அதனால் மறுத்தேனா, அச்சத்தால் மறுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடிக்கொண்டேனா என்பது எனக்கே தெளிவாகவில்லை. அவர் வற்புறுத்தவில்லை, உணவுப் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது என்பதை மதித்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவர் வற்புறுத்தியிருந்தால் நான் இத்தனை முறை இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது.

12.40-க்கு மழை வந்தது. தொடை 75-ஐ எட்டியபோது மணி 1.30, வாசலில் ஆளில்லை. மொறுமொறுப்பாக இருந்த தோல் ஈரக்காற்றில் தளர்ந்துபோயிருந்தது. நூறுக்கும் மேற்பட்ட பன்கள் ஆப்பிள் சாஸ் தடவப்படாமலே வீடு திரும்பின.

சில மாதம் கழித்துத்தான், பிரிட்டனின் உணவுத் தர முகமை வெப்பத்தோடு நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது என்பதைக் கவனித்துப் படித்தேன்: இறைச்சியின் நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடம், அல்லது 65-இல் 10 நிமிடம், அல்லது 60-இல் 45 நிமிடம் நின்றால் போதும். அப்படியானால் தொடை நண்பகலிலேயே தயாராக இருந்திருக்கலாம். 11.40-க்குப் பார்த்தபோதும் 66 இருந்ததாகவே நினைவு. மழையில் குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பிப்போன அந்தப் பெண்மணிக்கு நான் நல்ல உணவையே மறுத்திருக்கிறேன் என்று அன்றிரவு உறங்கவில்லை. மறுநாளே, எலும்பை ஒட்டிய வேறோர் இடம் 60-க்கும் கீழே இருந்திருக்கலாமே, ஓரிடத்தில் குத்திப் பார்த்ததை நம்பி அத்தனை பேருக்கு உண்ணக் கொடுக்க முடியுமா என்று என் பக்கமே நியாயம் பேசினேன்.

இரண்டையும் தீர்க்கக்கூடியது பதிவேடு ஒன்றுதான். அதில் 12 மணிக்கான 66 மட்டுமே இருக்கிறது. 11.40-க்குப் பார்த்ததை நான் எழுதிவைக்கவில்லை.