பதினோரு நாடு, இரண்டரை குவார்ட்டர்

ஆர்லாண்டோ போய் வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்கிறார்கள், எப்காட்டில் "உலகம் சுற்றிக் குடித்தோம்" என்று. இங்கே பெங்களூரில், எங்கள் சர்ஜாபுரா ரோடு பக்கம், ஆன்சைட் போய்த் திரும்புகிற பையன்களும் பெண்களும் காட்டும் போட்டோவில் எல்லாம் கையில் கலர் கலராக ஒரு பிளாஸ்டிக் கப். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன டிசம்பரில் எங்கள் அபார்ட்மெண்டிலேயே ஒன்று நடந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அது என்ன என்று தெரியாதவர்களுக்காக. புளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டின் நான்கு பெரிய பார்க்குகளில் எப்காட் ஒன்று. 1982 அக்டோபரில் திறந்தார்கள். அதன் ஒரு பாதியில் ஒரு ஏரி, ஏரியைச் சுற்றி பதினோரு நாடுகளின் அரங்குகள். மெக்சிகோவில் ஆரம்பித்து நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன் என்று போய் கனடாவில் முடியும். ஒரு சுற்று நடந்தால் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். 1990களின் நடுவிலிருந்து வருடா வருடம் அங்கே உணவும் ஒயினும் சேர்ந்த திருவிழா நடக்கிறது. இப்போது ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை போகிறது. ஏரிக்கரை முழுக்கச் சின்னச் சின்னக் கடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ச் சாப்பாடு, கூடவே அந்த ஊர் பீரோ ஒயினோ காக்டெயிலோ. நாங்களும் குடும்பத்தோடு போயிருக்கிறோம். கனடா கடையின் செடார் சீஸ் சூப்புக்கு ஏன் அவ்வளவு நீள வரிசை என்று வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அருமையான திருவிழா, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அங்கே வருகிறவர்கள் தங்களுக்குள் ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாட்டுக்கு ஒரு டிரிங்க், பதினோரு நாட்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். டிஸ்னி வைத்த போட்டி இல்லை இது, வருகிறவர்களே பரப்பியது. இதற்கென்று டிசைன் போட்ட டி-ஷர்ட்டில் கூட்டமாக வருகிறார்கள், நாடு பெயர் அச்சடித்த பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போகிறார்கள். திருவிழாவில் இலவசமாகக் கொடுக்கும் பாஸ்போர்ட் மாதிரியான சின்னப் புத்தகமும் அதற்கு உதவியாகிவிடுகிறது. மெக்சிகோ அரங்குக்கு உள்ளேயே டெக்கீலாவுக்கென்று தனி பார் இருக்கிறது. அடுத்த அரங்கான நார்வேயில் பனி ராணியைப் பார்க்க ஐந்து வயதுக் குழந்தைகள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். வார இறுதி சாயங்காலத்தில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே பாதையில்தான் நடக்கிறது.

டிஸ்னி பார்க்கில் மது என்பது முதலிலிருந்தே இருந்த வழக்கமும் இல்லை. 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது பொது ஜனங்களுக்கு அங்கே மது கிடையாது. அது மாறியது 2019இல்தான். ஆர்லாண்டோவின் மேஜிக் கிங்டம்கூட 1971இலிருந்து 2012 வரை மது இல்லாமலேயே நடந்தது. எப்காட்டில் மட்டும் திறந்த காலத்திலிருந்தே உண்டு. நம் பிடதி வொண்டர்லாவுக்கு ஒரு பீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போக முடியுமா? வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சரி, அளவுக்கு வருகிறேன், எனக்கு இதில் கவலையே அளவுதான். அமெரிக்காவில் ஒரு "ஸ்டாண்டர்ட் டிரிங்க்" என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால். சாதாரண பீர் 355 மில்லி, இல்லாவிட்டால் ஒயின் 150 மில்லி, இல்லாவிட்டால் விஸ்கி மாதிரி சரக்கு 45 மில்லி, மூன்றிலும் இதே 14 கிராம்தான். பதினோரு நாட்டுக்கும் ஒன்று என்று குறைவாகவே கணக்கு வைத்தாலும் 154 கிராம் ஆகிறது. மார்கரிட்டா மாதிரி காக்டெயில் ஒன்றே ஒன்றரை, இரண்டு டிரிங்குக்குச் சமமாக இருக்கும், அதை விட்டுவிடுவோம். நம்மூர்க் கணக்கில் இது எவ்வளவு என்று பார்த்தேன். 42.8 சதவீதம் என்று லேபிளில் போட்டிருக்கும் பிராந்தியோ விஸ்கியோ ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, அதில் ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அப்படியென்றால் பதினோரு நாடு என்பது இரண்டரை குவார்ட்டர். ஒரே ஆள், ஒரே நாள்.

இதை நான் சாதாரண ஆட்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "உலகம் சுற்றிக் குடித்தேன்" என்றால் சிரிக்கிறார்கள், "இரண்டரை குவார்ட்டர் அடித்தேன்" என்றால் முகம் மாறிவிடுகிறது. கர்நாடகத்தில் டெட்ரா பாக்கெட்டில் வரும் 180 மில்லியை வேலை முடிந்து கடை ஓரமாக நின்று குடிக்கிற மேஸ்திரியை இதே மனிதர்கள் குடிகாரன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உடம்புக்குள் போவது ஒரே சரக்கு. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ போனால் அதை மிகையான குடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுக்கிறது. கிட்டத்தட்ட ஒரு குவார்ட்டரிலேயே அந்தக் கோடு வந்துவிடுகிறது.

கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு டிரிங்கைத்தான் எரிக்கும். அதை அவசரப்படுத்த எந்த வழியும் கிடையாது. எப்காட்டில் நாட்டு அரங்குகள் இருக்கும் பக்கம் காலை 11 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிறது, அதனால் பொறுமையாகக் குடிக்கலாமே என்று தோன்றும். நிஜத்தில் பலரும் மதியத்துக்கு மேல் ஆரம்பித்து நாலைந்து மணி நேரத்தில் முடிக்கத்தான் பார்க்கிறார்கள். 70 கிலோ ஆண் ஒருவர் ஐந்து மணி நேரத்தில் 154 கிராமை உள்ளே தள்ளினால், நூறு மில்லி ரத்தத்தில் தோராயமாக 250 மில்லிகிராம் இருக்கும். நம் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் அனுமதிக்கும் அளவு 30. எட்டு மடங்குக்கு மேல். பெண்களுக்கு, எடை குறைவானவர்களுக்கு இன்னும் ஏறும்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது அந்த ஏற்பாடுதான். வழக்கமான பாரில் ஒரே ஆள் ஊற்றிக் கொடுக்கிறார், நாலாவது ரவுண்டில் நம் நாக்கு குழறுவது அவருக்குத் தெரியும், போதும் சார் என்று சொல்வார். திருவிழாவில் ஒவ்வொரு கடையும் புதிது. இங்கே இது இவருடைய எட்டாவது என்று ஊற்றுகிறவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம் சாப்பாடு. பெயரில் உணவுத் திருவிழா என்று இருந்தாலும் தட்டு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய்தான், வயிறு நிறையாது. செப்டம்பரில் ஆர்லாண்டோவில் வெயிலும் புழுக்கமும் சென்னை மாதிரியே இருக்கும், தாகத்துக்கு ஐஸ் அரைத்துப் போட்ட இனிப்பு டிரிங்க் குளுகுளு என்று இறங்கும், உள்ளே ஓட்கா இருப்பதே நாக்குக்குத் தெரியாது. ஆல்கஹால் சிறுநீரை அதிகமாக்கி இருக்கிற நீரையும் வெளியே தள்ளும். அங்கே சாப்பாட்டுக் கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் காசில்லாமலே கொடுப்பார்கள், போகிறவர்கள் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

இப்போது டிசம்பருக்கு வருகிறேன். எங்கள் அபார்ட்மெண்டில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் அதிகம், பொங்கலுக்குக் கோலப்போட்டி, நவராத்திரிக்கு கொலு என்று எல்லாம் சேர்ந்தே செய்வோம். ஆர்லாண்டோ போய் வந்த ஒரு தம்பதி, இந்த வருடக் கடைசியில் நாமே ஒரு உலகம் சுற்றல் வைப்போமா என்று கேட்டார்கள். ஒரு வீடு ஒரு நாடு. எட்டு வீடு சேர்ந்தது. எங்கள் வீடு ஜப்பான், காய்கறி சூஷியும் கிரீன் டீயும். மற்ற சில வீடுகளில் ஒயின், சிலவற்றில் காக்டெயில், ஒரு வீட்டில் நந்தி மலைப் பக்கத்து ஒயின், குழந்தைகளுக்கு எல்லா வீட்டிலும் ஜூஸ். எல்லாருக்கும் ஒரு அட்டை, எட்டுக் கட்டம், வீட்டுக்கு வீடு ஒரு முத்திரை.

ராத்திரி பத்தரை இருக்கும். நாலாம் மாடி படிக்கட்டில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பேச்சுலர் பிளாட்டில் இருக்கும் தம்பி ஒருவன் சுவரில் சாய்ந்து கிடந்தான். திருநெல்வேலிக்காரன், இருபத்தேழு வயது, தங்கமான பிள்ளை. சட்டையெல்லாம் வாந்தி. கையில் அந்த அட்டை, ஆறு முத்திரை விழுந்திருந்தது. ஒருவர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு வந்து அவன் உச்சந்தலையில் தேய்க்க ஆரம்பித்தார், இன்னொருவர் மோர் கொண்டு வா என்றார். பெரியவர் ஒருத்தர், தூங்கினால் சரியாகிவிடும், ரூமில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துக் கதவைச் சாத்துங்கள் என்றார். எல்லாரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள்.

இரண்டாம் மாடி நாகர்கோவில் அக்கா ஸ்டாஃப் நர்ஸ். அவர் வந்ததும் மோர் டம்ளரைத் தள்ளி வைக்கச் சொன்னார். தோளைத் தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், காது மடலை அழுத்திக் கிள்ளினார். அவன் கண் திறக்கவில்லை. உடனே அவனை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, கன்னத்துக்கு அடியில் கையை வைத்து, வாய் தரையைப் பார்க்கும்படி தலையைத் திருப்பினார். அப்புறம் வாட்சைப் பார்த்துக்கொண்டே அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினார். நிமிடத்துக்கு எட்டுக்குக் குறைந்தாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் பத்து விநாடிக்கு மேல் ஆனாலோ ஆபத்து என்று எண்ணிக்கொண்டே எங்களிடம் சொன்னார். அவனுக்கு ஒன்பது வந்தது. "காத்திருக்க வேண்டாம், வண்டி எடுங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் முதலில் சர்க்கரை பார்த்தார்கள், ரொம்பவும் இறங்கியிருந்தது. வெறும் வயிற்றில் குடித்தால் அப்படி ஆகும். டிரிப் ஏற்றி, விடியும் வரை மூச்சையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிழைத்துக்கொண்டான். மல்லாக்கப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போயிருக்கும் என்று டாக்டர் அவன் ரூம்மேட்டிடம் நேராகவே சொன்னார். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் தூங்கிவிட்டான், இனி பயமில்லை என்று நினைக்கவே கூடாது. காபி, மோர், எலுமிச்சை, குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது எதுவும் ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை ஒரு துளிகூடக் குறைக்காது. நினைவில்லாதவன் வாயில் எதை ஊற்றினாலும் அதுவே நெஞ்சை அடைக்கும். 108ஐக் கூப்பிடுங்கள், அதுவரை பக்கத்திலேயே இருங்கள்.

அவன் திரும்பி வந்து என்னிடம் சொன்னது, "நான் தினமும் குடிக்கிறவன் இல்லையே அக்கா, எப்பவாவது ஒருநாள்தானே." அவன் சொன்னது உண்மை. எனக்கு வருத்தமே அங்கேதான். நாம் குடி என்றாலே தினமும் குடித்துக் குடும்பத்தை அழிப்பதை மட்டும் யோசிக்கிறோம். அந்தத் துயரம் பெரியது, 2019இல் மத்திய அரசின் ஆய்வு 5.7 கோடிப் பேருக்கு மதுவால் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் நிலை என்று சொன்னது. ஆனால் மாதம் ஒருநாள்கூடக் குடிக்காத பிள்ளை ஒரே ராத்திரியில் செத்துப்போக முடியும், அதை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அவனை அந்த ராத்திரி யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவர்களுக்குத் தெரிந்து அவன் குடித்தது ஒன்றே ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அட்டையில் இன்னும் இரண்டு கட்டம் பாக்கி இருந்தது.

இந்த வருடமும் வைக்கலாமா என்று போன ஞாயிறு பேச்சு வந்தது. வேண்டவே வேண்டாம் என்று சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, எட்டு வீட்டுச் சமையலும் குழந்தைகள் மாடி மாடியாக ஓடியதும் அவ்வளவு நன்றாக இருந்தது. நான் கேட்டது இவ்வளவுதான். முத்திரை சாப்பாட்டுக்கு மட்டும். மது வேண்டும் என்பவர்களுக்கு ஒரே ஒரு வீட்டில், ஒரே ஆள் ஊற்றட்டும், அவர் அன்றைக்குக் குடிக்காதவராக இருக்கட்டும். எல்லா மாடியிலும் தண்ணீர் கேன். முதல் வீட்டிலேயே வயிறு நிறைய ஒரு தட்டு, பிரியாணியோ தயிர்சாதமோ. வெளியிலிருந்து வருகிற நண்பர்களின் வண்டிச் சாவி வாசலிலேயே வாங்கி வைக்கப்படும், ராத்திரி போக வேண்டுமென்றால் கேப். நாகர்கோவில் அக்கா, பத்து பேருக்காவது அந்த ஒருக்களித்துப் படுக்க வைக்கும் முறையைச் செய்து காட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் கிளப் ஹவுஸில், அந்தத் தம்பிதான் படுத்துக் காட்டப் போகிறானாம், அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

தங்கள் வீட்டில் யாருக்காவது குடி கைமீறிப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு, பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 14416க்குப் போன் போட்டால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மனஸில் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.