விலை சொல்லும் குரல்கள்

ஜூன் 3

பகல் முழுக்க ஒரு சாமத்திய வீட்டு (பூப்புனித விழா) வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை பல்லக்கில் வருகிறாள், மேலே ட்ரோன் சுற்றுகிறது, அடியில் ஒரு படப்பாட்டு ஓடுகிறது. கனடாவில் இருக்கும் மாமா வட்ஸ்அப்பில் சொன்னது ஒன்றே ஒன்று: "பீட்டுக்கு வெட்டித் தாங்கோ பிள்ளை." இப்போது அதை மென்பொருளே செய்துவிடும். தாளம் விழும் இடங்களை அதுவே கண்டுபிடித்துக் குறி போடும், நான் படத்தை அடுக்கினால் போதும். ரெண்டருக்குப் போட்டுவிட்டுத் தம்பியின் பாட்டைத் திறந்தேன்.

தம்பி அட்டன் பக்கத்துப் பிள்ளை. புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை, இரவில் ராப் எழுதுகிறார். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தைப் பற்றிய பாட்டு. கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்று வருகிற வரியில் குரல் தானாகவே கீழே இறங்குகிறது. நல்ல பாட்டு. வீடியோவுக்குத்தான் காசு இல்லை. மலைக்குப் போய்ப் படம் பிடிக்க வான் வாடகைக்கே கட்டாது.

"பழைய படத்துல இருந்து எடுத்துப் போடலாமாக்கா?" என்று கேட்டார். போடலாம். எதை எடுப்பது?

ஜூன் 5

'சாங் ஆஃப் சிலோன்' பார்த்தேன். 1934. தேயிலைப் பிரசாரத்துக்காக எடுத்த படம். தயாரிப்பு ஜோன் கிரியர்சன், இயக்கம் பசில் ரைட், கமராவும் அவரேதான். பேச்சுக் குரல் எங்கள் ஊர்ப் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட்டுடையது. அவர் பெயரில் இருக்கிற கலையரங்குக்கு எத்தனையோ தடவை நாடகம் பார்க்கப் போயிருக்கிறேன். அவர் இங்கே வாசிப்பது ரொபர்ட் நொக்ஸ் 1681இல் எழுதிய புத்தகத்திலிருந்து. கண்டி மன்னனிடம் கிட்டத்தட்ட 20 வருஷம் சிறைப்பட்டுக் கிடந்தவரின் சொற்கள், தேயிலை விற்கிற படத்துக்குள்!

நான்கு பகுதிகளில் மூன்றாவதன் தலைப்பு 'வணிகத்தின் குரல்கள்'. படத்தில் யானை மரத்தை முட்டித் தள்ளுகிறது, ஒருவர் தென்னை ஏறுகிறார், பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். ஒலியில் சந்தை விலைகள், வணிகக் கடிதம் சொல்லி எழுத வைக்கிற குரல், கப்பல் செய்தி. படத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் சம்பந்தம் அதில்தான் இருக்கிறது. இங்கே பிடித்த படத்துக்கு லண்டனில் வைத்து வோல்டர் லீ என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து ஒலியைக் கட்டியிருக்கிறார்கள்.

இதை வெட்டி ஒட்டலாம் என்று நான் உட்கார்ந்தால், 90 வருஷத்துக்கு முன்னாலேயே அவர்கள் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

ஜூன் 6

தம்பி கேட்டபடி ஒரு பிரதி. பாட்டு நிமிஷத்துக்கு 96 தாளம். ஒரு தாளம் 0.625 செக்கன். டைம்லைன் 24 ஃபிரேமில் இருந்தால் அது கச்சிதமாக 15 ஃபிரேம். தொலைக்காட்சிக்குப் பழகிய 25இல் வைத்தால் பதினைந்தும் சில்லறையும் வரும், வெட்டு மெல்ல மெல்லத் தாளத்திலிருந்து விலகும். ஆகவே 24.

15 ஃபிரேமுக்கு ஒருமுறை வெட்டினேன். ஒரு நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தால் அதே சாமத்திய வீடு. பல்லக்குக்குப் பதில் கூடை. ஒவ்வொரு பெண்ணும் டிரம்முக்கு ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டுப் போகிறாள். ரைட்டின் ஷொட்டுகள் நீளமானவை. மலையேறுகிற பகுதியில் மணி ஒன்று அடிக்கும், பறவை ஒன்று எழுந்து பறக்கும், மணிச் சத்தத்தின் நீளம் முழுக்கப் பறந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால் அது வெறும் பறவை.

தம்பிக்குப் பிடித்திருந்தது. "ஸ்டேட்டஸ்ல போட்டா கிழிச்சிரும்க்கா!" கிழிக்கும்தான். நாளைக்கு யாருக்கும் நினைவிருக்காது.

ஜூன் 9

வேலை இல்லாத நாள், வெளியே மழை. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எஸ்ஃபிர் ஷுப் என்ற ரஷ்யப் பெண் 1927இல் பழைய செய்திச் சுருள்களையும் சார் மன்னர் குடும்பத்துக்காக எடுத்த படங்களையும் வெட்டி, அந்த மன்னர் வீழ்ந்த கதையாக ஒரு முழு நீளப் படம் கட்டினார். மன்னர் ஆசையாகப் பிடித்து வைத்த படமே அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. எடிட்டர்கள் கும்பிட வேண்டிய பெண்.

அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கோர்னெல் நேர் எதிர். 1931இல் வந்த 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்ற காட்டுப் படத்திலிருந்து கதாநாயகி ரோஸ் ஹோபார்ட் வருகிற இடங்களை மட்டும் பிரதானமாக எடுத்து, 19 நிமிஷமாகச் சுருக்கி, வேகத்தைக் குறைத்து, நீலக் கண்ணாடி வழியாகக் காட்டினார். கதை காணாமல் போய்விட்டது, முகம் மட்டும் மிச்சம். 1936இல் நியூயோர்க்கில் அது ஓடும்போது, என் தலைக்குள் இருந்ததை இவன் திருடிவிட்டான் என்று ஓவியர் சல்வடோர் டாலி புரொஜெக்டரைத் தள்ளி விழுத்தினாராம். திருட்டுப் படத்துக்கே திருட்டுப் பட்டம்.

எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. வடிவேலுவின் முகத்தை வைத்துத் தமிழ் இளைஞர் சொல்லாத உணர்ச்சி கிடையாது. படம் ஓடாவிட்டாலும் அதிலிருந்து வெட்டிய மூன்று செக்கன் பத்து வருஷமாக ஓடுகிறது. அதைச் செய்கிற பெடியன்களை யாரும் எடிட்டர் என்று கூப்பிடுவதில்லை. என்னைக் கேட்டால், சாமத்திய வீடு வெட்டுகிற எங்களைவிட அவர்களுக்குக் கை ஓடுகிறது. எந்த இடத்தில் நிறுத்தினால் அர்த்தம் புரளும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜூன் 12

யோசனை இதுதான்: லீ செய்ததையே இன்றைய சத்தத்தோடு செய்வது. பாட்டின் இரண்டாவது சரணத்துக்கு முன் டிரம் நிற்கிற இடத்தில் இன்றைய தேயிலை ஏலக் குரலைப் போட வேண்டும். ஏலம் கொழும்பிலேயே நடக்கிறது, 1883இலிருந்து. போய்ப் பதிவு பண்ணிக்கொண்டு வந்தால் முடிந்தது.

தேயிலைத் தரகு கொம்பனியில் வேலை செய்த அண்ணா ஒருவரை வெள்ளவத்தைச் சந்தையில் பிடித்துக் கேட்டேன். சிரித்தார். "எந்தக் குரலை பிள்ளை பதியப் போறீர்? 2020இல கொரோனா வந்ததோட எல்லாம் கணினிக்குப் போயிட்டுது. இப்ப ஆரும் கத்துறேல்ல. கிளிக், கிளிக்."

வணிகத்துக்கு இப்போது குரலே இல்லை. அந்த அண்ணாவுக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாகப் போய், வடை வாங்கித் தந்தார்.

ஜூன் 14

தம்பியிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிற தங்கச்சிக்கு உடனே போன் போட்டார். மத்தியானம் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது டிஜிட்டல் தராசு போடுகிற 'பீப்' சத்தம் வந்து சேர்ந்தது. கூடவே கிலோ சொல்கிற குரல், தூரத்தில் நாய், யாரோ இருமுவது. டிரம்மை எடுத்துவிட்டு அந்தப் பீப்பைத் தாளமாக வைத்தோம். 96க்கு ஒத்துவரவில்லை. ஒத்துவர வைக்கவும் இல்லை. ஒவ்வொரு கூடைக்கும் ஒவ்வொரு இடைவெளி. அந்தப் பத்துச் செக்கனில் தம்பியின் குரல் தராசுக்காகக் காத்திருக்கிறது. பாட்டு எழுந்து நின்றது அப்போதுதான்.

ஜூன் 15

பறிக்கும் பெண்களின் ஷொட்டைத் தம்பி தன் அம்மாயிக்கு வீடியோ கோலில் காட்டினார். நானும் பக்கத்தில் இருந்தேன். அம்மாயி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"யாரு இது? எந்தத் தோட்டம்?"

"வெள்ளைக்காரன் புடிச்சது அம்மாயி. ரொம்ப பழசு."

"படம் புடிச்ச அன்னிக்கி இதுகளுக்குப் பேரு போட்டானா?"

தம்பி என்னைப் பார்த்தார். படத்தைப் பற்றி வாசித்த எதிலும் அந்தக் கேள்வி எனக்குக் கண்ணில் பட்டதில்லை. அம்மாயி 40 வருஷத்துக்கு மேல் பெரட்டுக்கு, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, போனவர், அவருக்கு அதுதான் முதலில் தோன்றுகிறது. கோலைப் பதிவு பண்ணியிருக்கலாமே என்று தம்பி கேட்டார். பேசிய பிறகு கேட்டுப் பதிவதென்றால் அது வேறு பேச்சாகிவிடும், வேண்டாம் என்றேன்.

அந்த ஷொட்டில் இருந்த வெட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது அது முழு நீளத்துக்கு ஓடுகிறது.

ஜூன் 18

உரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இங்கே திரைப்படத்துக்கு வெளிவந்ததிலிருந்து 70 வருஷம். நியாயமான பயன்பாடு என்றும் ஒரு வாசல் இருக்கிறது. எதற்காக எடுத்தோம், எவ்வளவு எடுத்தோம், மூலத்தின் சந்தையைக் கெடுத்தோமா என்று பார்ப்பார்கள். ஆனால் யூடியூப் வெள்ளவத்தையில் மட்டும் ஓடுவதில்லை. பிரித்தானியாவில் அந்த 70ஐப் படைத்தவர் இறந்ததிலிருந்து எண்ணுகிறார்கள், ரைட் இறந்தது 1987இல். யூடியூப்பில் பொருத்தம் தேடுகிற இயந்திரத்துக்கு அம்மாயியின் கேள்வியும் தெரியாது, என் நோக்கமும் தெரியாது.

பிரதியை வைத்திருக்கும் காப்பகம் ஒன்றுக்கு மின்னஞ்சல் எழுதினேன். எழுத வேண்டாம், போட்டுவிட்டுப் பார்ப்போம் என்றார் என் முதலாளி. எழுதினேன்.

ஜூன் 24

பதில் வந்துவிட்டது. மரியாதையான பதில். எத்தனை செக்கன், எந்தெந்த நாடுகள், எத்தனை வருஷம் என்று கேட்டிருக்கிறார்கள், கட்டணம் செக்கன் கணக்கு. தம்பி தன் ஒரு மாதச் சம்பளத்தைத் தருகிறேன் என்றார். அதில் பாதிக்கு மேல் தொடவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இருப்பதை 22 செக்கனாகக் குறைக்க உட்கார்ந்தேன். மிச்சத்துக்குத் தங்கச்சி போனில் பிடித்த தராசும் கூடைகளும் போதும். நிறம் மங்காமல், செங்குத்தாக, கை நடுக்கத்தோடு அப்படியே.

பறவை போனது. தென்னை போனது. பெண்கள் 22 செக்கனும் நிற்கிறார்கள். யானையையும் தூக்கிவிட்டேன்.

"யானை இல்லாட்டி யாருக்கா பாப்பாங்க?"

"யானை விமான நிலையத்து விளம்பரத்தில இருக்கு தம்பி."

அவருக்கு இன்னும் சம்மதமில்லை. நாளைக்குக் கடை மூடியதும் வருகிறாராம், யானைக்காகப் பேச.