"வீட்டில் ஒரே மொழியில் பேசவும்"

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் ஆஸ்பத்திரி ஃபைலை வாங்கியதும் நான் முதலில் தேடுவது ஒரு வரியை. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குச் சற்று மேலே, "வீட்டில் ஒரே மொழியில் மட்டும் பேசவும்" என்று இருக்கும். யார் எழுதியது என்று கேட்காதீர்கள். பல ஊர்களிலிருந்து, பல கையெழுத்துகளில் பார்த்துவிட்டேன். பேச்சே சரியாக வராத பிள்ளைக்கு ரெண்டு பாஷை எதற்கு என்ற நல்லெண்ணம்தான். இந்தப் பிள்ளைகளின் பேச்சை ஆராய்வது என் பிழைப்பு. அதில் பாதி இந்த ஒற்றை வரியோடு மல்லுக்கட்டியே போயிருக்கிறது.

அதுவும் வேலூரில். சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். லாட்ஜ் பலகையில் வங்காள எழுத்து இருக்கும். மருந்துக்கடைப் பையன் எந்த மாத்திரையை எப்போது போடணும் என்று இந்தியில் சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி "இன்னா, ஸ்டாக் கீதா பாரு" என்பான். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் போனால் எத்தனையோ வீடுகளில் உருது. காட்பாடியைத் தாண்டிச் சித்தூர் ரோட்டில் ஏறினால் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும். இங்கே பிறந்த பிள்ளையின் வீட்டில் போய் ஒரு பாஷையை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள் என்றால், விடுவது பாஷையை இல்லை, ஆளை. பெரும்பாலும் அந்த ஆள் பாட்டி.

நான் குடியாத்தத்துக்காரி. அப்பாவுக்குத் தறி, அம்மா பீடி சுற்றுவார். 1965இல் தொடங்கிய மைசூர் பேச்சு-கேட்பு நிறுவனத்தில் படிக்கப் போகிறேன் என்றதும், பீடி இலை வாங்க வந்த பக்கத்து வீட்டு அத்தை "பேசறதுக்குக் கூடவா காலேஜி?" என்று கேட்டார். இன்றுவரை அதைவிடக் கூர்மையான கேள்வியை எந்த இண்டர்வியூவிலும் என்னிடம் கேட்கவில்லை. படிப்பு முடித்து, கொஞ்ச நாள் தெரபிஸ்டாக இருந்து, பிறகு பிஎச்டி. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை; ஹாஸ்டல் சாப்பாடு, ஸ்டைப்பண்ட் தாமதம், எல்லாருக்கும் உள்ளதுதான்.

ஆனால் எண்ணிக்கைச் சண்டையைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் பேச்சு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க, அதன் வாக்கியங்களின் சராசரி நீளத்தை எடுப்பது ஒரு வழி. அமெரிக்காவில் ரோஜர் பிரௌன் 1973இல் பிரபலமாக்கிய கணக்கு. சொற்களை அல்ல, பொருள் தரும் சிறு உறுப்புகளை எண்ணணும். ஆங்கிலத்துக்குச் சுலபம். நம்ம ஊர்ப் பிள்ளை "வரமாட்டேங்கறான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுமே! அதில் எத்தனை உறுப்பு? கைடு ஒரு எண் சொல்வார், நான் வேறொன்று சொல்வேன். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ஒரு சொல்லில் கழிந்தது. ஆங்கிலக் கணக்கை அப்படியே போட்டால் நல்லாப் பேசும் தமிழ்ப் பிள்ளைகூட பின்தங்கியதாகத் தெரியும் என்று அன்றைக்குப் புரிந்தது. எங்கள் சோதனைப் படங்களில் பனிமனிதனும் டோஸ்டரும் வேறு இருந்தன. கே.வி.குப்பத்துப் பிள்ளை டோஸ்டரை எங்கே பார்த்திருக்கும்?

எதிரொலிப் பேச்சு என்று ஒன்று உண்டு. எக்கோலாலியா. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது. 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. 1946இல் அவர் எழுதிய இன்னொன்றில் ஒரு பையன் வருகிறான். கையிலிருப்பதைத் தூக்கி எறியத் தோன்றும்போதெல்லாம் "நாயை பால்கனியிலிருந்து எறியாதே" என்பான். நாயும் கிடையாது, பால்கனியும் கிடையாது. துருவிக் கேட்டபோது தெரிந்தது: சில வருஷம் முன்னால் ஒரு ஓட்டலில் பொம்மை நாயை மாடியிலிருந்து போட்டுக்கொண்டே இருந்தவனை அம்மா அதட்டிய வார்த்தை அது. 1981இல் பிரிசான்ட், டச்சான் என்ற ஆய்வாளர்கள் கேட்டவுடனே வரும் எதிரொலிக்கு ஏழு வகைப் பயன்பாடு இருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள். அப்புறமும் பல ரிப்போர்ட்டில் "அர்த்தமற்ற பேச்சு" என்றுதான் எழுதுகிறோம். ஆட்டிசத்தை மதிப்பிட 2009இல் வந்த நம் நாட்டு ஐசா (ISAA) அளவுகோலின் 40 வரிகளில் இதற்கும் ஒன்று உண்டு, எவ்வளவு அடிக்கடி என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடலாம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அது தேவை, அதை நான் குறை சொல்லவில்லை. எதற்காகச் சொன்னான் என்று கேட்க அதில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

சித்தூர் ரோட்டில் ஒரு வீடு. அம்மா தமிழ், அப்பாவைப் பெற்றவர் தெலுங்கு, அவரை அவ்வா என்பார்கள். பையனுக்கு ஆறு வயசு. ஃபைலில் அந்த வரி இருந்தது. வீட்டில் தமிழ் மட்டும். "நான் பேசனா புள்ளைக்குக் கெடுதலாம்மா" என்று அவ்வா என்னிடம் தமிழில் சொன்னார். ரெக்கார்டரைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு கேட்டால், மருமகள் தண்ணி பிடிக்கப் போன நேரத்தில் அவ்வா தெலுங்கில் கொட்டித் தீர்க்கிறார். மல்லாட்டை (வேர்க்கடலை) உரித்துக்கொண்டே பேசுவதால் அவசரமே இல்லை. ஒன்று கேட்டுவிட்டு உரிப்பார், பையன் எப்போது பதில் சொன்னாலும் சரி. ஓடு உடையும் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்கும். அப்புறம் பையனின் குரல், அவ்வாவின் அதே ராகத்தில்: "பாலு தாகுதாவா நாயனா?" பால் குடிக்கிறியா என்று அவன் அவ்வாவைக் கேட்கவில்லை. தனக்குப் பால் வேணும். அம்மா திரும்பி வந்ததும் அவரிடம் அதையே "பால் குடிக்கிறியா கண்ணு?" என்கிறான். ரெண்டையும் ஒருமுறைகூட மாற்றிச் சொல்லவில்லை. எதிரொலிதான், ஆனால் யாருக்கு எது என்று பிரித்து வைத்த எதிரொலி.

அதை மருமகளுக்குப் போட்டுக் காட்டலாமா என்று அவ்வாவிடம் கேட்டேன். "போட்டுக்கோ, நான் இன்னா திருடனேனா?" என்றார். மருமகள் சிரித்துவிட்டு, "தண்ணி புடிக்கப் போனா ஏன் இவ்ளோ நேரம் ஆவுதுன்னு மட்டும் கேப்பாங்க" என்றார்.

இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2012இல் கனடாவில் ஹாம்ப்ளி, ஃபோம்போன் என்ற ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரெண்டு பாஷை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதனால் கூடுதல் தாமதம் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே பக்கம்தான் நிற்கின்றன. எனக்கு இன்னொரு கவலை. ஒரே பாஷை என்றதும் பல வீடுகளில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். கான்வென்ட்டும் அது, யூடியூபும் அது. "கம். சிட். ஈட். நோ." தன் பாஷையில் கதை சொல்லி, திட்டி, கொஞ்சி, மாமியாரைப் பற்றி முணுமுணுக்கிற அம்மா, கடன் வாங்கிய பாஷையில் வெறும் கட்டளை போடுகிறவராகிவிடுகிறார். அந்தப் பிள்ளைக்குத் திருப்பிச் சொல்லக்கூட நல்ல வாக்கியம் கிடைப்பதில்லை.

இந்த வேலைக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் போட்டால் கமிட்டியில் கேட்பது, இத்தனை குறைந்த குடும்பங்களா, ஒப்பிட்டுப் பார்க்க கன்ட்ரோல் குரூப் எங்கே என்று. நியாயமான கேள்விகள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஒரு நாளே போய்விடும், குக்கர் விசிலும் டிவி சீரியலும் ஊடே ஓடினால் இன்னும் மேலே. இப்போது என்னோடு வாணியம்பாடி உருது வீட்டுப் பெண் ஒருத்தியும் தெலுங்கு வீட்டுப் பையன் ஒருவனும் எழுதுகிறார்கள்.

போன வாரம் அவர்களுக்குள் சண்டை. சித்தூர் ரோட்டுப் பையன் புதுப் பதிவில், அம்மாவும் அவ்வாவும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, "தாகறியா" என்கிறான். வேர் தெலுங்கு, வால் தமிழ். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லக் காணோம், எங்கள் பதிவுகள் எதிலும் இல்லை. எதிரொலி என்று குறிக்க முடியாது. தமிழ்ப் பத்தியில் போடணும் என்கிறாள் அவள், தெலுங்கில் என்கிறான் இவன். இப்போதைக்கு எக்செல்லில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம். தலைப்பு இன்னும் வைக்கவில்லை.