மூடியைத் திறக்கும் முன்

ஜூன் 3, 2025, செவ்வாய்

பின்பக்கம் இரண்டு நாளாக நாற்றம். செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. சென்னைப் புறநகரில் இருக்கும் எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. பதினாறு வீட்டுக் கழிவும் அந்த ஒரே தொட்டிக்குள்தான் போகிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: “அடுத்த வாரம் புதன்கிழமை லாரி வரும். அடியில் கசடு இறுகியிருந்தால் ஆள் இறங்கி வாரிவிடுவார். அதற்குத் தனியாக 1,500 ரூபாய்.” சரி என்று நானும் கட்டைவிரல் போட்டுவிட்டேன். இரவு மறுபடி படித்தபோதுதான் ‘ஆள் இறங்கி’ கண்ணில் பட்டது.

ஜூன் 4, புதன்

‘விஷவாயு தாக்கி மூவர் பலி.’ இந்தத் தலைப்பைச் சின்ன வயதிலிருந்து படிக்கிறேன். முதலில் இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார், பிறகு அவருடைய தம்பியோ மகனோ. தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாது. நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்பும் அந்த நேரத்தில்தான் உயிர் போகிறது. வாயு வெளியே வந்து யாரையும் தாக்கவில்லை. யாரோ கூலி பேசி ஒருவரை உள்ளே இறக்கியிருக்கிறார்கள். தலைப்பில் அவர்கள் வருவதே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

சட்டத்தைத் தேடிப் படித்தேன். கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்குவது குற்றம். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநகராட்சிக்கு மட்டுமில்லை, இறக்கும் எவருக்கும் இது பொருந்தும். எங்கள் சங்கத்துக்கும்தான்.

1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. ஆனால் 2021இல் ஒன்றிய அமைச்சர் நாடாளுமன்றத்தில், கையால் மலம் அள்ளி யாரும் இறந்ததாகப் பதிவில்லை என்றார். தொட்டிக்குள் இறந்தவர்களை ‘அபாயகரமான சுத்திகரிப்பு’ என்று வேறு பெயரில் எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கிலும் தமிழ்நாடுதான் முன்னால் நிற்கிறது. படித்துவிட்டுச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சங்கக் கூட்டம். பெரியவர் ஒருவர் சொன்னார்: “அவங்களேதான் இறங்குறேங்கிறாங்க தம்பி, நாம கட்டாயப்படுத்தலையே.” அந்த ‘அவங்க’ யார் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே பெரும்பாலும் அருந்ததியர். வடக்கே வால்மீகி சாதியினர். வேறு வேலை கேட்டுப் போனாலும் சாதியைக் கேட்டுத் துடைப்பத்தைக் கொடுக்கும் நாட்டில், ‘அவங்களே’ என்பது எப்படி விருப்பமாகும்? இந்த வேலையை ஒழிக்கப் போராடிச் சர்வதேச விருது பெற்ற பெஸ்வாடா வில்சன் கோலார் தங்கவயலில் இதே வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்குக் குரல் நடுங்கியது. இரண்டாம் மாடி டீச்சர் அக்காதான் முடித்து வைத்தார்: “தண்ணியைப் பீய்ச்சிக் கசடை இளக்கி எடுக்கட்டும். இன்னொரு லோடு ஆனா என் பங்கை இப்பவே தர்றேன்.”

ஜூன் 11, புதன்

லாரி வந்தது. இரண்டு பேர். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டார்கள். அடியில் கசடு பாறை மாதிரி இருந்தது. இளையவர் சட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

“வேண்டாம் தம்பி, இறங்காதீங்க.”

“பழக்கம்தான் சார்.”

இன்னொரு லோடுக்கும் பணம் உண்டு என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாயை எடுத்தார். மூன்று மணி நேரம் ஆனது. டீ குடிக்கும்போது சொன்னார்: 2014இல் அவர் சித்தப்பா ஓர் ஓட்டல் தொட்டியில் இறந்தார். ஓட்டல்காரர் 2 லட்சம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அரசிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நீதிமன்றம் சொன்ன தொகையைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

“பதினோரு வருஷம் ஆச்சே சார், இப்ப கேக்கலாமா?”

கேட்கலாம். முன்பு கிடைக்காதவர்களுக்கும் 30 லட்சம் தர வேண்டும் என்று 2023 தீர்ப்பிலேயே இருக்கிறது. சனிக்கிழமை சித்தியை அழைத்து வருகிறார். இறப்புச் சான்றிதழும், இருந்தால் எஃப்.ஐ.ஆர். நகலும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். மனு எழுத டீச்சர் அக்காவும் வருவதாகச் சொன்னார்.